டவர் உச்சிக்கு டி.சி. மின்சாரம்: கேபிள் கணக்கும் கட்டும் முறையும்

கரன்ட் இருக்கும்வரை டவர் உச்சியில் உள்ள ரேடியோக்கள், அதாவது கம்பியில்லாமல் தகவலை அனுப்பி வாங்கும் நெட்வொர்க் கருவிகள், ஒழுங்காக ஓடுகின்றன. கரன்ட் போய் லோடு பேட்டரிக்கு மாறிய சில நிமிடங்களில் எல்லாம் ஒன்றாக அணைகின்றன. அரை நிமிடத்தில் மறுபடி விளக்கு எரிகிறது, மறுபடி அணைகிறது. கீழே அறையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரி 24.5 வோல்ட் காட்டுகிறது. பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது, ஃபியூஸ் போகவில்லை, எந்த இணைப்பும் கழன்றிருக்கவில்லை. ரேடியோவை மாற்றிப் பார்க்கிறார்கள், அவற்றின் நெட்வொர்க் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியை மாற்றிப் பார்க்கிறார்கள், குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

கோளாறு, பேட்டரிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே தொங்கும் எழுபது மீட்டர் கேபிளில். அது அறுந்துபோகவில்லை, கனம் போதவில்லை, அவ்வளவுதான். இது ஏன் நடக்கிறது என்று புரிந்துவிட்டால் டவருக்கு டி.சி. (பேட்டரி தருவதுபோல ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கேபிள் போடும் வேலை முக்கால்வாசி புரிந்த மாதிரி. மிச்சக் கால்வாசி இடி, மழை, எடை.

மின்சாரத்தைத் தனியாக ஏன் மேலே ஏற்ற வேண்டும்?

டவரில் ஒன்றிரண்டு ரேடியோ மட்டும் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் பி.ஓ.இ. முறை போதும். கீழே அறையில் ஸ்விட்ச், ஒரு ரேடியோவுக்கு ஒரு கேபிள், வேலை முடிந்தது. முப்பது மீட்டர் டவரில் இரண்டு ரேடியோவுக்காக டி.சி. கேபிள், ஃபைபர், உச்சியில் பெட்டி என்று இறங்குவது வீண் செலவு.

ரேடியோ ஐந்து, ஆறு என்று ஏறும்போது நிலைமை மாறுகிறது. ஆறு கேபிள் என்றால் ஆறு மடங்கு எடை, காற்றுக்கு ஆறு மடங்கு பிடி. அதைவிடப் பெரிய தொல்லை, இடி விழும்போது டவரில் ஏறும் மின்னோட்டம் அறைக்குள் வர ஆறு செம்புப் பாதைகள். செம்புக் கம்பியால் ஆன நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர் என்ற எல்லையும் உண்டு. உயரமான டவரில் தரையில் ஓடும் தூரத்தையும் சேர்த்தால் அது எளிதாகத் தாண்டிவிடும்.

அதனால் ஸ்விட்சையே உச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். கீழிருந்து இரண்டே இரண்டு கேபிள்கள்: தகவலுக்கு ஒரு ஃபைபர், மின்சாரத்துக்கு ஒரு டி.சி. ஜோடி. உச்சியில் ஸ்விட்சிலிருந்து ரேடியோக்களுக்கு இரண்டு மூன்று மீட்டர் நீளத்தில் சின்னச் சின்ன கேபிள்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது என்பதால் இடிக்கு மிஞ்சும் செம்புப் பாதை டி.சி. ஒன்றுதான்; அதை மட்டும் நன்றாகக் காத்தால் போதும். மொபைல் டவர்களில் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே ரேடியோ யூனிட்டை மாட்டி ஃபைபரும் டி.சி.யும் கொடுப்பதும் இதே ஏற்பாடுதான்.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஸ்விட்ச் கெட்டால் ஆள் ஏறித்தான் ஆக வேண்டும். ஆகவே மேலே போகும் எதையும் தரையிலேயே ஒருமுறை முழுதாகக் கட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டு ஏற்றுவது நல்லது.

ஏ.சி.யையே மேலே அனுப்பி அங்கே மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். பேட்டரி டி.சி.; ரேடியோ கேட்பதும் டி.சி. நடுவில் இன்வெர்ட்டரை வைத்து ஏ.சி.யாக்கி, உச்சியில் மறுபடி டி.சி.யாக்கினால் இரண்டு இடத்தில் மின்சாரம் வீணாகும், இரண்டு பொருள் கூடுதலாகக் கெடும். ஈரமான இரும்புக் கோபுரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்பவருக்குப் பக்கத்தில் ஏ.சி. மெயின்ஸ் ஓடுவதும் தேவையில்லாத ஆபத்து.

24 வோல்ட்டா, 48 வோல்ட்டா?

உயரம் முப்பது மீட்டருக்கு மேல் என்றால் 48. இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. அதே வாட்டைப் பாதி வோல்டேஜில் அனுப்பினால் இரட்டிப்பு ஆம்பியர் ஓட வேண்டும். கேபிளில் சூடாகி வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், இழப்பு நான்கு மடங்கு. இழப்பு அதே அளவில் நிற்க வேண்டும் என்றால் கேபிளின் கனத்தை, அதாவது கம்பியின் குறுக்குப் பரப்பை, நான்கு மடங்காக்க வேண்டும்.

48 என்று சொன்னாலும் அது 48-லேயே நிற்பதில்லை. நான்கு 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகள் தொடராக இருந்தால், சார்ஜர் பராமரிப்பு நிலையில் 54 வோல்ட் அளவில் வைத்திருக்கும். வேகமாகச் சார்ஜ் ஏறும்போது 57.6-ஐத் தொடும். கரன்ட் போய் பேட்டரி இறங்க இறங்க 44, 43 வரை வரும். உச்சியில் இருக்கும் கருவி இந்த இரு முனைகளையும் தாங்க வேண்டும். ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரம், கருவியின் முனையில் 40.5 முதல் 57 வோல்ட் வரையை வழக்கமான இயக்க எல்லையாக வைத்திருக்கிறது. இந்த 40.5-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் வரும். மேல் எல்லையையும் விட்டுவிடக் கூடாது: உச்சவரம்பு 57 என்று அச்சிட்ட ஸ்விட்சை, 57.6 வரை சார்ஜ் செய்யும் பேட்டரியில் மாட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கணக்கு: எந்த நேரத்துக்குப் போடுவது?

60 மீட்டர் டவர், டவர் அடியிலிருந்து அறைவரை 10 மீட்டர், ஆக 70 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் 20 வாட் ஸ்விட்ச் ஒன்று, 25 வாட் பாயின்ட்-டு-பாயின்ட் ரேடியோ (இன்னொரு டவரோடு மட்டும் பேசுவது) இரண்டு, 15 வாட் செக்டர் ரேடியோ (ஒரு பக்கத்தில் உள்ள பல பேருக்குக் கொடுப்பது) நான்கு. கூட்டினால் 130 வாட். மாற்றத்தில் போகும் இழப்புக்கும் நாளை சேரும் ஒரு பொருளுக்குமாகக் கொஞ்சம் சேர்த்து 150 என்று எடுப்போம். ரேடியோவின் வாட்டைத் தகவல் தாளில் பார்க்கும்போது 'சராசரி' என்பதை விட்டுவிட்டு 'அதிகபட்சம்' என்பதை எடுக்க வேண்டும்.

தூரம் 70 மீட்டர் என்றாலும் மின்சாரம் போய்த் திரும்பி வருகிறது. கணக்குக்கு 140 மீட்டர். புதிதாக வருபவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பல இழை கொண்ட, வளையும் செம்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 20 டிகிரியில் இருக்கக்கூடிய மின்தடை இது: 1.5 சதுர மில்லிமீட்டருக்கு 13.3 ஓம், 2.5-க்கு 7.98, 4-க்கு 4.95, 6-க்கு 3.30, 10-க்கு 1.91. 140 மீட்டருக்கு மாற்றினால் 2.5 கம்பி 1.12 ஓம், 4 கம்பி 0.69 ஓம், 6 கம்பி 0.46 ஓம்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டிய விஷயம். பல்பு, ஹீட்டர் போன்றவற்றுக்கு வோல்டேஜ் குறைந்தால் அவை இழுக்கும் ஆம்பியரும் குறையும். ரேடியோ, ஸ்விட்ச் எல்லாவற்றிலும் உள்ளே வோல்டேஜை மாற்றிக்கொள்ளும் கன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது. அதற்கு 150 வாட் வேண்டும் என்றால் வேண்டும்தான். வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். ஆம்பியர் கூடினால் கேபிளில் இழப்பு கூடும், உச்சியில் வோல்டேஜ் இன்னும் குறையும், அது இன்னும் இழுக்கும். கேபிள் கனமாக இருந்தால் இந்த இழுபறி ஒரு புள்ளியில் நின்றுவிடும். மெல்லிசாக இருந்தால் நிற்கவே நிற்காது.

அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் உண்டு:

உச்சி வோல்டேஜ் = ½ × (கீழ் வோல்டேஜ் + √(கீழ் வோல்டேஜ்² − 4 × வாட் × ஓம்))

முதலில் 48 வோல்ட் பேட்டரி, 4 சதுர மில்லிமீட்டர் கேபிள். சார்ஜர் 54 கொடுக்கும்போது உச்சியில் 52 வோல்ட், ஓடுவது 2.9 ஆம்பியர். பேட்டரி 44-க்கு இறங்கியதும் உச்சியில் 41.5 வோல்ட், 3.6 ஆம்பியர். வெயிலில் காய்ந்து கம்பி 60 டிகிரிக்குப் போனால் செம்பின் தடை சுமார் 16 சதவீதம் கூடும். அப்போதும் 41 வோல்ட் இருக்கும். 40.5-க்கு மேலே நிற்கிறது, ஆனால் மயிரிழையில். 2.5 கம்பியில் இதே 44-க்கு உச்சியில் 39.8 தான் வரும். வெயில் சேராமலேயே எல்லைக்கு வெளியே. இந்த டவருக்கு 4 ஓடும்; 6 போட்டால் உச்சியில் 42.4 கிடைக்கும், இன்னொரு ரேடியோவும் சேர்க்கலாம். கேபிள் ஒருமுறை ஏறினால் பத்துப் பதினைந்து வருடம் மேலேயே இருக்கப்போகிறது என்பதால் 6-ஐப் போடுவதே புத்திசாலித்தனம்.

இப்போது அதே டவரில் 24 வோல்ட், 2.5 கம்பி. சார்ஜர் 27 வோல்ட் கொடுக்கும்போது உச்சியில் 17.3 வோல்ட், 8.7 ஆம்பியர். பல ரேடியோக்கள் 17-இல் ஓடிவிடும். ஆகவே யாருக்கும் சந்தேகம் வராது. கரன்ட் போய் பேட்டரி 24.5-க்கு வந்தவுடன் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: 24.5-இன் இருமடி 600. 4 × 150 × 1.12 என்பது 670. வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண். அதாவது விடையே கிடையாது. அந்தக் கேபிள் வழியாக 150 வாட்டை உச்சிக்குக் கொண்டுபோக எந்த வழியும் இல்லை. அது அதிகபட்சம் தரக்கூடியது சுமார் 134 வாட். உச்சியில் வோல்டேஜ் சரிந்து எல்லாம் அணைகிறது. லோடு இல்லாததால் கேபிளில் இழப்பும் இல்லை, உடனே முழு 24.5 மேலே போகிறது, ரேடியோக்கள் எழுகின்றன, மொத்தமாக இழுக்கின்றன, மறுபடி சரிகின்றன. முதல் பத்தியில் கண்ட கண்சிமிட்டல் இதுதான். கீழே மீட்டர் வைத்தவருக்கு எல்லா நேரமும் 24.5 தான் தெரியும்.

ஆகவே கணக்கை 48-க்கோ 54-க்கோ போடக் கூடாது. பேட்டரி இறங்கி, வெயில் உச்சத்தில், எல்லா ரேடியோவும் முழு வேகத்தில் ஓடும் நேரத்துக்குப் போட வேண்டும். '5 சதவீத இழப்புக்குள்' என்ற விதியைப் பலர் சொல்வார்கள். வேகமாக ஒரு மதிப்பீடு போட அது போதும். முடிவு எடுக்க, உச்சியில் கருவியின் முனையில் மிஞ்சும் வோல்டேஜ் எவ்வளவு, அந்தக் கருவிக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்ற இரண்டு எண்கள்தான் வேண்டும்.

ஸ்விட்ச் பற்றி ஒரு எச்சரிக்கை. சில ஸ்விட்சுகள் உள்ளே வரும் டி.சி.யை அப்படியே பி.ஓ.இ. போர்ட்டுக்குத் தள்ளிவிடும், சிலவற்றில் உள்ளேயே வோல்டேஜை உயர்த்தும் பகுதி இருக்கும். பி.ஓ.இ.க்கான 802.3 ஏ.டி. தரப்படி 30 வாட் தரும் போர்ட்டில் குறைந்தது 50 வோல்ட் இருக்க வேண்டும். அப்படியே தள்ளும் ஸ்விட்சுக்கு 41 வோல்ட் போனால், ஸ்விட்ச் உயிரோடு இருக்கும், ரேடியோ எழாது.

மைனஸ் 48 என்னும் பொறி

தொலைத்தொடர்பு நிலையங்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் எர்த் செய்திருப்பார்கள். லைனாக ஓடுவது நெகட்டிவ். மண்ணுக்கடியில் போகும் செம்புக் கேபிளில் ஈரம் புகுந்தால், எர்த்தைவிட நெகட்டிவாக இருக்கும் செம்பு அரிக்கப்படுவது குறைவு என்பதால் பழைய டெலிபோன் காலத்திலேயே வந்த பழக்கம் இது. இன்றும் மாறவில்லை.

சிறு நெட்வொர்க் கருவிகள் பல இதற்கு நேரெதிர். உள்ளே டி.சி. நெகட்டிவ் முனை உலோக உடலோடு சேர்ந்திருக்கும். இதை மைனஸ் 48-இல் மாட்டினால் என்ன ஆகிறது? ஸ்விட்சின் உடல் டவரில் போல்ட் போட்டு நிற்கிறது. டவர் எர்த்தில் இருக்கிறது. எர்த் பேட்டரி பாசிட்டிவோடு சேர்ந்திருக்கிறது. கேபிளில் ஏறி வந்த நெகட்டிவ், ஸ்விட்சின் உடலைத் தொட்டவுடன் பேட்டரிக்கு நேரடி ஷார்ட். நெகட்டிவ் கம்பியில் ஃபியூஸ் இருந்தால் அது போகும், பிழைத்தோம். பழக்கதோஷத்தில் ஃபியூஸைப் பாசிட்டிவ் கம்பியில் வைத்திருந்தால் ஷார்ட் மின்னோட்டம் ஃபியூஸ் பக்கமே போகாது. டவர் வழியாக, எர்த் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிவிடும். கேபிள் புகையும்வரை எதுவும் நிறுத்தாது.

மாட்டுவதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை போதும். கருவியைத் தனியாக மேசையில் வைத்து, டி.சி. நெகட்டிவ் முனைக்கும் உலோக உடலுக்கும் நடுவே மீட்டரில் தொடர்ச்சி பார்க்க வேண்டும். பீப் ஒலித்தால் அதை மைனஸ் 48-இல் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. உள்ளீடும் வெளியீடும் மின்சாரரீதியாகத் தனித்திருக்கும் டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் ஒன்றை நடுவில் போட வேண்டும்.

பாசிட்டிவ் திரும்பும் கம்பியையும் உச்சியில் டவரோடு சேர்க்கக் கூடாது; எர்த் கீழே ஒரே இடத்தில் இருந்தால் போதும். மேலேயும் சேர்த்தால் லோடு மின்னோட்டத்தில் ஒரு பங்கு எந்நேரமும் டவர் இரும்பில் ஓடிக்கொண்டே இருக்கும், மூட்டுகள் அரிக்கும். கம்பி நிறத்தை நம்பியும் வேலை செய்ய வேண்டாம். ஓரிடத்தில் நீலம் மைனஸ் 48 ஆகவும் கறுப்பு திரும்பும் கம்பியாகவும் இருக்கும். இன்னோரிடத்தில் கறுப்பே நெகட்டிவ். மீட்டரால் அளந்த பிறகுதான் முனையில் செருக வேண்டும்.

ஃபியூஸ்

பேட்டரிப் பக்கம், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், எர்த் செய்யாத கம்பியில். நம் உதாரணத்தில் ஓடுவது அதிகபட்சம் 3.6 ஆம்பியர்; அதற்கு 6 ஆம்பியர், மெதுவாகப் போகும் வகை ஃபியூஸ் சரியாக இருக்கும். கருவிகளின் உள்ளீட்டில் உள்ள கெபாசிட்டர்கள் மின்சாரம் கொடுத்த கணத்தில் ஒரு பெரிய மடக்கு இழுக்கும். வேகமாகப் போகும் ஃபியூஸ் அதற்கே போய்விடும்.

ஃபியூஸின் மேல் அச்சிட்டிருக்கும் டி.சி. வோல்டேஜைப் படியுங்கள். கார்களில் போடும் பிளேடு ஃபியூஸ்கள் பொதுவாக 32 வோல்ட்டுக்கானவை. 54 வோல்ட்டில் அது உருகினாலும் நடுவில் தீப்பொறி அணையாமல் தொடரலாம். ஏ.சி.க்கான எம்.சி.பி.யும் (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழும் பிரேக்கர்) அப்படித்தான். ஏ.சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டுமுறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும், டி.சி. பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. டி.சி. பிரேக்கர்களில் சிலவற்றுக்கு பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்பதுகூட முக்கியம்.

எந்தக் கேபிள்?

முழுச் செம்பு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி, பார்க்க அப்படியே இருக்கும், விலையில் இனிக்கும். கடத்தும் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. 4 என்று வாங்கியது 2.5 போல நடந்துகொள்ளும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். ஈயம் பூசிய நல்ல செம்பிலும் வெளிப்புறம் வெள்ளியாகத்தான் இருக்கும், ஆனால் சுரண்டினால் உள்ளே சிவப்பு.

மேல் உறை வெயில் தாங்கும் கறுப்பு வகையாக இருக்க வேண்டும். உள்ளறைக் கேபிளின் உறை சில கோடைகளில் வெடிக்கும். உள்ளே பின்னல் அல்லது ஃபாயில் கவசம் இருந்தால், இடியின்போது அதுவே மின்னோட்டத்தில் பெரும் பங்கைத் தாங்கிக்கொள்ளும். ஜெல் நிரப்பிய கேபிள் மண்ணுக்கடியில் நல்லது. செங்குத்தாகத் தொங்கவிட்டால் ஜெல் மெல்ல இறங்கி, கீழ்முனை வழியாக அறைக்குள் சொட்டும். முடிந்தால் இரண்டு ஜோடியுள்ள கேபிளை வாங்கி, ஒன்றை உதிரியாக மேலேயும் கீழேயும் டெர்மினல்வரை கொண்டுவந்து வைத்திருங்கள். ஒரு ஜோடி பழுதானால் இன்னொரு கேபிளை இழுத்தேற்றும் வேலை மிச்சம். ஃபைபரும் டி.சி.யும் ஒரே உறைக்குள் வரும் கலப்புக் கேபிளும் கிடைக்கிறது. ஏற்றுவது எளிது, பழுது பார்ப்பது கடினம்.

ஏற்றுவதும் கட்டுவதும்

4 சதுர மில்லிமீட்டர் கம்பி இரண்டில் செம்பு மட்டுமே மீட்டருக்கு 72 கிராம்; உறை, கவசம் சேர்ந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 60 மீட்டருக்கு எட்டு முதல் பத்துக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இதைக் கம்பியின் முனையில் தொங்கவிட்டால் எடை முழுவதும் உச்சிப் பெட்டியின் டெர்மினலில் வந்து நிற்கும்.

கேபிளை அதன் நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. உச்சியில் கப்பி மாட்டி, கயிற்றை இறக்கி, அந்தக் கயிற்றோடு கேபிளைச் சில மீட்டருக்கு ஒரு கட்டாகக் கட்டி, கயிற்றை இழுக்க வேண்டும். நுனியில் வெப்பத்தில் சுருங்கும் மூடி போட்டு அடைத்திருக்க வேண்டும். திறந்த நுனியில் ஒரு மழை பெய்தால் இழைகளுக்கு நடுவே தண்ணீர் திரிபோல் ஏறி மீட்டர் கணக்கில் உள்ளே போய்விடும். கீழே டிரம்மை ஸ்டாண்டில் வைத்து ஒருவர் பிடித்துப் பிடித்து விட வேண்டும்.

மேலே போனதும் முதல் வேலை, கம்பிப் பின்னலால் ஆன தொங்கு பிடியைக் கேபிள்மேல் மாட்டி டவரில் கொக்கியிடுவது. குழந்தைகள் விரலில் மாட்டி விளையாடும் பின்னல் குழல்போல, எடை இழுக்க இழுக்க அது இறுகும். சுமார் 60 மீட்டருக்கு ஒன்று. அதன்பிறகு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே மீட்டருக்கு ஒரு கிளாம்ப். கேபிளின் அளவுக்கேற்ற ரப்பர் உள்ள கிளாம்ப் நல்லது. வெறும் பிளாஸ்டிக் டை வெயிலில் உடையும். ஸ்டீல் டையை இறுக்கிக் கட்டினால் உறையைக் கடிக்கும். ஏணிப் பக்கமும், இடிதாங்கியின் இறங்கு கம்பிக்குப் பக்கத்திலும் பாதை அமைக்காமல், டவர் காலின் உட்புறத்தில் கொண்டுபோவது வழக்கம். உச்சியில் மிச்சமான கேபிளை வட்டமாகச் சுருட்டிக் கட்டாதீர்கள். பெரிய தளர்ந்த வளைவாக விட்டால் போதும்.

இடி

டவரில் இடி விழும் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். நோக்கம் மின்னலைத் தடுப்பது அல்ல. உச்சியில் உள்ள எல்லா உலோகமும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கும்படி செய்வது. கவசத்தை உச்சியில் டவரோடும், கேபிள் டவரை விட்டு அறைப் பக்கம் திரும்பும் இடத்தில் டவரோடும், அறைக்குள் நுழையும் இடத்தில் எர்த் பட்டையோடும் சேர்க்க வேண்டும். உயரம் 60 மீட்டரைத் தாண்டினால் நடுவிலும் ஒன்று. எர்த் கம்பி எப்போதும் கீழ்நோக்கியே போக வேண்டும், கூர்மையான மடிப்பு கூடாது. துத்தநாகம் பூசிய இரும்பில் வெறும் செம்பு லக் (கம்பி நுனியில் மாட்டி போல்ட் போடும் உலோகக் காது) வைத்தால் மழையில் துத்தநாகம் அரிக்கும். ஈயம் பூசிய லக் வையுங்கள்.

இடியால் திடீரென ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் புரொட்டெக்டர் இரண்டு வேண்டும்: உச்சிப் பெட்டியில் ஒன்று, அறை வாசலில் ஒன்று. அதன் எர்த் கம்பி எவ்வளவு நீளம் என்பதில்தான் அது வேலை செய்யுமா என்பதே இருக்கிறது. நேரான கம்பியின் மின்தூண்டல் (மின்னோட்டம் வேகமாக மாறுவதை எதிர்க்கும் குணம்) ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோஹென்றி. மைக்ரோநொடிக்கு 10 கிலோஆம்பியர் வேகத்தில் மின்னோட்டம் ஏறினால் அந்த ஒரு மீட்டரிலேயே 10,000 வோல்ட் நிற்கும். புரொட்டெக்டர் 100 வோல்ட்டில் பிடித்தாலும் கருவி பார்ப்பது 10,100. ஆகவே ஒரு சாண் நீளத்துக்குள் முடியுங்கள்.

ஏ.சி.க்கோ சிக்னலுக்கோ செய்த புரொட்டெக்டரை டி.சி. லைனில் போடுவதும் தவறு. வாயு நிரப்பிய குழாய் வகை, உள்ளே ஒருமுறை பொறி தாவிக் கடத்தத் தொடங்கினால், பேட்டரி பின்னால் இருக்கும்போது அணைய மறுத்து ஷார்ட்டாகவே நிற்கலாம். 48 வோல்ட் டி.சி. என்று அச்சிட்டதை வாங்க வேண்டும்.

உச்சிப் பெட்டி

கேபிள்கள் பெட்டியின் அடிப்பக்கமாக மட்டுமே நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் கேபிள், நுழைதுளையில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டைவிடத் தாழ்ந்து ஒரு வளைவு எடுத்து மேலேற வேண்டும்; உறையில் வழியும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். வெளியில் உள்ள இணைப்புகளுக்குத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்ற வேண்டும், கீழிருந்து மேலாக. ஓடு வேய்வதுபோல மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடினால்தான் தண்ணீர் வழிந்துபோகும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் ஒரு சின்னக் கிண்ணம். அதன்மேல் வெயிலுக்காக வினைல் டேப். பெட்டியை எவ்வளவு அடைத்தாலும் உள்ளே வியர்க்கும். அடியில் ஒரு மூச்சுத் துளை மூடி இருக்கட்டும்.

பல இழைக் கம்பியைத் திருகு டெர்மினலில் மாட்ட, நுனியில் ஃபெர்ரூல் என்ற சிறு உலோகக் குழலைப் போட்டு அழுத்தி இறுக்குங்கள் (கிரிம்ப்). நுனியில் ஈயம் ஊற்றிக் கெட்டியாக்குவது நேர்த்தியாகத் தோன்றும். ஆனால் திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நெகிழ்ந்து, சில மாதத்தில் பிடி தளரும். காற்றில் ஆடும் டவரில் அது சீக்கிரமே நடக்கும்.

மின்சாரம் கொடுக்கும் முன்

ஃபியூஸைக் கழற்றி, ஏறுபவரே தன் பையில் வைத்துக்கொண்டு ஏறட்டும். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற அலட்சியத்தில் பேட்டரி அருகே மோதிரம், கடிகாரச் சங்கிலியோடு வேலை செய்பவர்கள் உண்டு. ஸ்பானர் ஒன்று இரண்டு முனையையும் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், உலோகம் சிவந்து உருகும்.

கேபிளைக் கருவியோடு சேர்க்கும் முன் இரண்டு சோதனை. முதலாவது, இன்சுலேஷன் டெஸ்டரால் கம்பிக்கும் கம்பிக்கும், கம்பிக்கும் கவசத்துக்கும் நடுவே பார்ப்பது; சர்ஜ் புரொட்டெக்டரும் கழன்றிருக்க வேண்டும். இரண்டாவது, சுற்று மின்தடை. சாதாரண மீட்டர் ஒரு ஓமுக்குக் கீழே சரியாகக் காட்டாது. உச்சியில் இரண்டு கம்பியையும் ஷார்ட் செய்து, கீழே மேசை பவர் சப்ளையால் 2 ஆம்பியரை நிலையாக ஓடவிட்டு, கேபிளின் முனையில் வோல்டேஜை அளக்க வேண்டும். 70 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர், நல்ல செம்பு என்றால் 1.4 வோல்ட் சுற்றி இருக்கும். 2 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே அலுமினியம் இருக்கலாம், அல்லது சொன்ன கனம் இல்லை.

பிறகு ஷார்ட்டை எடுத்து, உச்சியில் பிளஸ் மைனஸ் பார்த்து, கருவிகளைச் சேர்த்து, எல்லா ரேடியோவையும் ஓடவிட்டு உச்சியில் வோல்டேஜை அளக்க வேண்டும். சார்ஜர் ஓடும்போது ஒருமுறை. சார்ஜரை அணைத்துப் பேட்டரியை இறங்கவிட்டு இன்னொருமுறை. இந்த இரண்டாவது அளவைத்தான் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை.

சுற்று மின்தடையையும் இரண்டு வோல்டேஜையும் பெட்டி மூடியின் உட்புறத்தில் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். அடுத்த வருடம் ஏறும்போது அதே லோடில் உச்சியில் ஒரு வோல்ட் குறைந்திருந்தால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். உச்சியில் உள்ள டெர்மினல் திருகு, அடுத்து ஃபியூஸ் தாங்கி, அடுத்து பேட்டரி லக் என்ற வரிசையில் பாருங்கள்.